விண்மீன்களைப் படித்த வீராங்கனை: செசிலியா பெய்ன்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

நாம் நாள்தோறும் அருந்தும் தண்ணீருக்கு வயது என்ன? இந்தக் கேள்வியைக் கேட்டால் பலரும் சிரிப்பார்கள். எங்கள் வகுப்பிலும் முதலில் சிரிப்பொலிதான் எழுந்தது.

அன்று காலையில் எங்களுள் சிலர் மறைக்கல்வி வகுப்பிலிருந்தும், மற்றவர் நன்னெறி வகுப்பிலிருந்தும் வந்து அமர்ந்திருந்தோம். மறைக்கல்வியில் தொடக்க நூலின் முதற் பகுதியைப் படித்திருந்தோம். அதில் நீர்த்திரள் முதலிலேயே பேசப்படுகிறது; விண்மீன்களோ நான்காம் நாளில்தான் வருகின்றன. அடுத்த பாடவேளையில், இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்ததே நீர் என்று அறிவியல் ஆசிரியை கரும்பலகையில் எழுதினார்கள். உடனே எங்களுள் ஒருத்தி எழுந்து நின்று, விண்மீன்கள் தோன்றும் முன்பே தண்ணீர் இருந்ததா என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியையான அருட்சகோதரி மட்டும் சிரிக்கவில்லை. உலகம் யாருடையது என்பதை மறைநூல் சொல்கிறது என்றும், அது எவ்வாறு உருவாயிற்று என்பதைத் தேடிக் காண்பதற்காகவே இறைவன் நமக்கு அறிவைத் தந்திருக்கிறார் என்றும் கூறினார்கள். பிறகு, இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால் செசிலியா பெய்ன் என்னும் பெண்மணியின் வாழ்க்கையைப் படித்து வாருங்கள் என்று எங்களை நூலகத்திற்கு அனுப்பினார்கள். அவ்வாறு நாங்கள் படித்தறிந்ததையே இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

செசிலியா 1900-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் இங்கிலாந்தில் வெண்டோவர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், வரலாற்றிலும் இசையிலும் வல்லவர். செசிலியாவுக்கு நான்கு வயது ஆனபோது தந்தையார் மறைந்தார். மூன்று குழந்தைகளையும் வளர்க்கும் பொறுப்பு தாயாரின் தோள்களில் விழுந்தது. கைவண்டியில் வைத்துத் தாயார் தள்ளிச் சென்ற சிறு வயதில், வானில் ஓர் எரிமீன் பாய்ந்து மறைந்ததைச் செசிலியா கண்டார். அந்த ஒளிக்கோடு அவர் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது.

இளமையில் செடிகொடிகள் மீதே அவருக்கு ஆர்வம் மிகுதி. ஆனால் அக்காலத்தில் பெண்களுக்கு அறிவியலை விரிவாகக் கற்பிக்கும் பள்ளிகள் மிகக் குறைவு. முதலில் பயின்ற பள்ளியில் அவருடைய அறிவுப் பசி தீரவில்லை. பின்னர் இலண்டனில் உள்ள தூய பவுல் பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். அங்கே இசை ஆசிரியராக இருந்தவர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்னும் புகழ் பெற்ற இசையமைப்பாளர். அவர் செசிலியாவின் இசைத் திறனைக் கண்டு, இசைத்துறைக்கே வருமாறு ஊக்கினார். செசிலியாவின் உள்ளமோ அறிவியலையே நாடியது.

1919-ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். தாவரவியலும் இயற்பியலும் வேதியியலும் படித்தார். அந்த ஆண்டில்தான் அவர் வாழ்வின் திருப்பம் நேர்ந்தது. ஆர்தர் எடிங்டன் என்னும் வானியல் அறிஞர், அவ்வாண்டு நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை ஆப்பிரிக்காவுக்கு அருகில் உள்ள பிரின்சிபி தீவிலிருந்து ஆராய்ந்து திரும்பியிருந்தார். ஐன்ஸ்டைனின் கொள்கை சரியே என்பதற்கு அந்த ஆராய்ச்சி சான்று தந்தது. அதைப் பற்றி அவர் ஆற்றவிருந்த சொற்பொழிவுக்கு நியூன்ஹாம் கல்லூரிக்கு நான்கே நான்கு அனுமதிச் சீட்டுகள் வந்தன. தோழி ஒருத்தியால் போக முடியாமற்போகவே, அந்தச் சீட்டு செசிலியாவுக்குக் கிடைத்தது. சொற்பொழிவு முடிந்து அறைக்குத் திரும்பியவர், கேட்டவை அனைத்தையும் நினைவிலிருந்தே எழுதி முடித்தார். மூன்று இரவுகள் அவருக்குச் சரியான உறக்கமே இல்லை. இனித் தம் வாழ்வு வானியலுக்கே என்று முடிவு செய்துவிட்டார். தோழியரே, ஒரு சிறிய சீட்டு ஒருவருடைய வாழ்வையே மாற்றியதைப் பாருங்கள்!

ஆயினும் கேம்பிரிட்ஜில் பெண்கள் படிப்பது எளிதாக இல்லை. ரதர்ஃபோர்டு என்னும் பேரறிஞரின் இயற்பியல் வகுப்பில் பெண்கள் முன்வரிசையில் தனியே அமர வேண்டும் என்பது விதி. அங்கே செசிலியா ஒருவரே பெண். ஆசிரியர் வகுப்பைத் தொடங்கும்போது, அவையோரை விளிப்பதுபோல் முதலில் பெண்களை விளித்து அவரை நோக்குவார். பின்னால் இருக்கும் மாணவர்கள் கைதட்டியும் காலால் தரையை உதைத்தும் ஆரவாரம் செய்வார்கள். அந்த வகுப்புக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் செசிலியா கூனிக் குறுகினார். ஆனால் ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை. பாடம் அனைத்தையும் படித்து முடித்தும் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஏனெனில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1948-ஆம் ஆண்டு வரை பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கியதே இல்லை.

இங்கிலாந்தில் தங்கினால் பள்ளி ஆசிரியையாக மட்டுமே ஆக முடியும் என்பதை அவர் உணர்ந்தார். ஆசிரியப் பணி உயர்ந்ததுதான். ஆயினும் அவர் தேடியது ஆராய்ச்சி. அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தின் தலைவர் ஹார்லோ ஷாப்லி இலண்டனில் உரையாற்ற வந்தபோது, செசிலியா அவரை அணுகித் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். பெண்களுக்கென அமைந்த ஓர் உதவித்தொகை கிடைத்தது. 1923-ஆம் ஆண்டு, தம் 23-ஆம் வயதில், தாயையும் தாய்நாட்டையும் பிரிந்து கப்பலேறினார்.

ஹார்வர்டில் அவருக்காக ஒரு புதையலே காத்திருந்தது. பல ஆண்டுகளாக எடுத்து வைத்த விண்மீன் ஒளிப்படங்கள், கண்ணாடித் தகடுகளில் அடுக்கடுக்காக இருந்தன. சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியின் வழியே செலுத்தினால் வானவில்லின் நிறங்கள் விரியும் என்பதை நாம் படித்திருக்கிறோம். நுட்பமாக நோக்கினால் அந்த நிறப்பட்டையில் கறுப்புக் கோடுகள் பல தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள் உண்டு. மனிதருக்குக் கைரேகை எப்படியோ, தனிமத்துக்கு இந்தக் கோடுகள் அப்படி. அங்கே பணியாற்றிய ஆனி ஜம்ப் கேனன் என்னும் பெண்மணி, செவிப்புலன் குறைந்தவராயிருந்தும், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அவற்றின் கோடுகளைக் கொண்டு வகைப்படுத்தியிருந்தார். ஆனால் ஒரு வகை விண்மீனில் ஒரு கோடு தடித்தும் வேறொன்றில் மெலிந்தும் இருப்பது ஏன் என்பது விளங்காமலே இருந்தது.

அந்தப் பூட்டுக்குத் திறவுகோல் நம் இந்தியாவில் கிடைத்தது என்பது நாம் பெருமை கொள்ள வேண்டிய செய்தி. வங்காளத்தைச் சேர்ந்த மேக்நாத் சாஹா என்னும் அறிஞர், 1920-ஆம் ஆண்டு ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். வெப்பம் மிகும்போது அணுக்கள் தம் எலக்ட்ரான்களை இழக்கின்றன. எத்தனை அணுக்கள் இழக்கும் என்பது வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது என்று அவர் காட்டினார். ஆகவே ஒரு கோடு தடித்திருப்பதாலேயே அந்தத் தனிமம் மிகுதி என்று கொள்ள முடியாது. வெப்பநிலையைக் கணக்கில் எடுத்த பின்பே அளவைச் சொல்ல முடியும்.

செசிலியா இந்தச் சமன்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணாடித் தகடுகளின் முன் இரண்டு ஆண்டுகள் இரவும் பகலும் உழைத்தார். சிலிக்கன், கால்சியம் போன்ற தனிமங்களைப் பொறுத்தவரை, விண்மீன்களில் அவற்றின் விகிதம் பூமியில் இருப்பதைப் போன்றே வந்தது. ஆனால் ஹைட்ரஜனின் கணக்கு அவரைத் திடுக்கிட வைத்தது. சூரியனின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ். அந்த வெப்பத்தில், கண்ணுக்குப் புலனாகும் கோட்டை உண்டாக்கக்கூடிய நிலையில் இருப்பது பல கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றே. அப்படியிருந்தும் அந்தக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன.

இதை ஓர் உவமையால் விளக்கலாம். இருளில் ஒரு திருவிழாக் கூட்டம் நிற்கிறது. அதில் ஆயிரத்தில் ஒருவர் மட்டுமே மெழுகுவத்தி ஏந்தியிருக்கிறார். தொலைவிலிருந்து நூறு மெழுகுவத்திகளைக் காண்கிறோம். அப்படியானால் கூட்டம் நூறு பேரா? இல்லை, ஒரு லட்சம் பேர் அல்லவா? செசிலியாவும் இப்படித்தான் கணக்கிட்டார். விண்மீன்களில் ஹைட்ரஜன், உலோகங்களைவிடப் பத்து லட்சம் மடங்கு மிகுதி என்று விடை வந்தது. ஹீலியமும் மிக அதிகமாகவே வந்தது. இரும்பும் கல்லும் கலந்த பூமியைப் போன்றதே சூரியனும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது!

இங்கேதான் அவர் வாழ்வின் சோதனை வந்தது. அவருடைய ஆய்வுரை, பிரின்ஸ்டனில் இருந்த ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் என்னும் மூத்த அறிஞரின் பார்வைக்குச் சென்றது. அமெரிக்க வானியலில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. ஹைட்ரஜன் அவ்வளவு மிகுதியாக இருக்கவே முடியாது என்று அவர் எழுதியனுப்பினார். செசிலியாவுக்கு வயது 25 கூட நிரம்பவில்லை. அயல்நாட்டில் தனியாக இருப்பவர். பட்டமோ வேலையோ இன்னும் கைக்கு வரவில்லை. என்ன செய்வார்? தாம் கண்ட எண்களை ஆய்வுரையில் அப்படியே அச்சிட்டார். ஆனால் அவற்றின் அருகிலேயே, இவை பெரும்பாலும் உண்மையாக இருக்க முடியாது என்று தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார். தாம் பெற்ற குழந்தையைத் தாமே மறுப்பது போன்ற செயல் அது.

1925-ஆம் ஆண்டு அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் அப்போது பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை. ஆகவே அதனோடு இணைந்த ராட்கிளிஃப் மகளிர் கல்லூரி அதை வழங்கியது. வானியலில் அக்கல்லூரி அளித்த முதல் முனைவர் பட்டம் அதுவே. நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1929-இல் ரஸ்ஸல் தாமே வேறு வழியில் ஆராய்ந்து, செசிலியா கண்டதே உண்மை என்ற முடிவுக்கு வந்தார். தம் கட்டுரையில் அவருடைய ஆய்வையும் குறிப்பிட்டார். எனினும் பல காலம் அந்தக் கண்டுபிடிப்பின் புகழ் ரஸ்ஸலின் பெயரையே சேர்ந்தது. பிற்காலத்தில் செசிலியா அவரைக் குறை கூறவில்லை. தம் முடிவில் தாமே உறுதியாக நிற்காததுதான் தவறு என்று வருந்தினார்.

அதன் பிறகும் பாதையில் முட்கள் குறையவில்லை. அவர் ஹார்வர்டில் பாடம் நடத்தினார். ஆனால் 1945-ஆம் ஆண்டு வரை அவருடைய வகுப்புகள் பல்கலைக்கழகப் பாடப் பட்டியலில் அச்சேறவில்லை. ஊதியமோ மிகச் சொற்பம். இத்தனைக்கும் இடையில் அவர் பிறருக்கு உதவ மறக்கவில்லை. 1933-ஆம் ஆண்டு ஜெர்மனிக்குச் சென்றபோது, செர்கேய் கபோஷ்கின் என்னும் ரஷ்ய வானியலாரைச் சந்தித்தார். நாஜிகளின் ஆட்சியில் அவர் ஆபத்தான நிலையில் இருந்தார். செசிலியா அமெரிக்கா திரும்பியதும் முயன்று, அவருக்கு நுழைவு அனுமதியும் ஹார்வர்டில் பணியும் பெற்றுத் தந்தார். 1934-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். மூன்று குழந்தைகள் பிறந்தனர். இல்லறத்தையும் ஆராய்ச்சியையும் இரு கண்களாகப் போற்றினார். கணவரும் மனைவியும் உதவியாளர்களோடு சேர்ந்து, ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றி லட்சக்கணக்கான பதிவுகளைச் செய்தனர்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா? 1956-ஆம் ஆண்டு ஹார்வர்டு அவரை முழுப் பேராசிரியராக உயர்த்தியது. அதே ஆண்டில் வானியல் துறையின் தலைவராகவும் ஆனார். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறைக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்மணி அவரே. 1976-இல் அமெரிக்க வானியல் கழகம் தன் உயரிய பரிசை அவருக்கு வழங்கியது. அந்தப் பரிசின் பெயர் என்ன தெரியுமா? ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் பரிசு! யார் அவருடைய முடிவை ஏற்க மறுத்தாரோ, அவர் பெயராலேயே அவருக்கு மாலை சூட்டப்பட்டது. 1979-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். சூரியனைச் சுற்றி வரும் ஒரு சிறுகோள் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி எங்கள் கேள்விக்கு வருவோம். விண்மீன்களுக்கு முன் தண்ணீர் இருந்ததா?

செசிலியா கண்ட ஹைட்ரஜன், பிரபஞ்சத்தின் மிகப் பழைய தனிமம் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் கடும் வெப்பத்தோடு விரியத் தொடங்கியது. அதன் முதல் சில நிமிடங்களில் ஹைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றின் அணுக்கருக்களும், மிகச் சிறிதளவு லித்தியமும் மட்டுமே உருவாயின. ஆக்சிஜன் உருவாகவில்லை. ஆக்சிஜன் இல்லையேல் நீர் ஏது? அரிசி மட்டும் இருந்து உளுந்து இல்லாத வீட்டில் இட்லிக்கு மாவு ஆட்ட முடியுமா?

பல கோடி ஆண்டுகள் கழிந்த பின்னரே முதல் விண்மீன்கள் ஒளிர்ந்தன. அவற்றின் உள்ளே, ஹைட்ரஜன் இணைந்து ஹீலியம் ஆயிற்று. மூன்று ஹீலியம் கருக்கள் சேர்ந்து கார்பன் ஆயிற்று. கார்பனோடு மேலும் ஒரு ஹீலியம் சேர்ந்து ஆக்சிஜன் ஆயிற்று. அந்தப் பெரிய விண்மீன்கள் இறுதியில் வெடித்துச் சிதறியபோது ஆக்சிஜன் வெளியே பரவியது. குளிர்ந்த வாயு மேகங்களில் அது ஹைட்ரஜனைச் சந்தித்தபோதுதான் முதல் நீர் மூலக்கூறு பிறந்தது. பிரபஞ்சம் தோன்றிய 10 முதல் 20 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே இவ்வாறு நீர் உருவாகியிருக்கலாம் என்று 2025-ஆம் ஆண்டில் வெளியான கணினி ஆய்வு ஒன்று காட்டுகிறது. 1,200 கோடி ஒளியாண்டுத் தொலைவில், நம் கடல்கள் அனைத்தையும்போல 140 லட்சம் கோடி மடங்கு நீராவி இருப்பதை 2011-இல் வானியலார் கண்டறிந்தனர்.

ஆகவே விடை இதுதான்: விண்மீன்களுக்கு முன் தண்ணீர் இல்லை. ஆனால் தண்ணீரின் ஒரு பகுதி இருந்தது! ஒன்பது கிராம் நீரை எடுத்துக்கொண்டால், அதில் ஒரு கிராம் ஹைட்ரஜன்; எட்டு கிராம் ஆக்சிஜன். அந்த ஒரு கிராம், விண்மீன்கள் எதுவும் பிறவாத காலத்திலிருந்து வந்தது. மற்ற எட்டு கிராமும் மறைந்துபோன விண்மீன்கள் நமக்கு விட்டுச் சென்ற செல்வம். உணவு இடைவேளையில் குழாயடியில் வரிசையில் நின்று நாம் குடிக்கும் ஒரு குவளைத் தண்ணீரில் இத்தனை வரலாறு இருக்கிறது.

இதை எழுதி முடித்த பின் எங்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது. செசிலியா அன்று பணிந்து போனது சரியா, தவறா? பெரியவர் சொல்லைக் கேட்பதுதானே முறை என்று சிலர் கூறினோம். கண்ட உண்மையை மறுத்து எழுதியிருக்கக் கூடாது என்று சிலர் கூறினோம். சற்று நேரத்தில் வகுப்பு அமைதியாயிற்று. ஏனெனில் எங்களுக்கே எங்கள் நிலை நினைவுக்கு வந்தது. கணக்குத் தேர்வில் நாம் சரியாகப் போட்ட விடையை, முதல் மதிப்பெண் வாங்கும் தோழியின் விடை வேறாக இருந்தது என்று தெரிந்ததும், மறுபடி சரிபாராமலே அடித்துத் திருத்தியவர்கள் எங்களுள் எத்தனை பேர்! கேள்வி கேட்ட தோழியைப் பார்த்துச் சிரித்தவர்களும் நாங்களே. அன்று ரதர்ஃபோர்டின் வகுப்பில் காலால் தரையை உதைத்த மாணவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வேறுபாடு? நாங்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

ஒன்றை மட்டும் நாங்கள் கவனித்தோம். செசிலியா தம் முடிவை ஐயுற்று எழுதினாரே தவிர, எண்களை அழிக்கவில்லை, மாற்றவும் இல்லை. அந்த எண்கள் அச்சில் நின்றதனால்தான் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு உண்மை வெளிப்பட்டபோது அவை சாட்சி கூறின. துணிவு குறைந்த நேரத்திலும் அவர் நேர்மையை விடவில்லை. பெரியோரை மதிப்போம், அவர்கள் சொல்லைக் கேட்டு நம் கணக்கை மீண்டும் ஒரு முறை போட்டுப் பார்ப்போம். மீண்டும் அதே விடை வந்தால், அதைப் பணிவோடும் உறுதியோடும் எடுத்துச் சொல்வோம்.

அடுத்த ஆண்டு நாங்கள் பதினோராம் வகுப்புக்குச் செல்வோம். அறிவியல் பிரிவு பெண்களுக்குக் கடினம் என்று சொல்லும் உறவினர் எங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்வதற்கு இப்போது எங்களிடம் ஒரு பெயர் இருக்கிறது. அன்புத் தங்கையரே, உங்கள் வகுப்பிலும் யாரேனும் எழுந்து நின்று விந்தையான கேள்வி ஒன்றைக் கேட்டால், தயவு செய்து சிரிக்காதீர்கள்.